காபி கொட்டாத அத்தியாயம்

ஒரு நாவல் படமாக வந்துவிட்டால் போதும், வாடகை நூலகம் நடத்துகிறவனுக்கு நிம்மதி போச்சு. அம்மாவும் மகளும் ஒரு காலையில் உடல் மாறி எழுந்துகொள்ளும் கதை அது. குடும்பத்தோடு சிரிக்கிற படமாக எடுத்திருந்தார்கள். பழவங்காடியில் என் நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. நூலகம் வைத்திருக்கும் சக பாவிகளே, நான் பட்டதைக் கேளுங்கள்.

மணிச் சத்தம்

சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி படம் பார்த்த சூட்டோடு வந்து, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார். படத்தில் கோயில் மணி அடித்ததும் இருவரும் பழையபடி மாறிவிடுவார்கள். நாவலில் மணியே கிடையாது; தூங்கி எழுந்தால் சரியாகியிருக்கும். அண்ணாச்சி புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டார். "மணி அடிக்காம எப்படி வே மாறுவாங்க? எழுதினவரு படத்த ஒழுங்காப் பாக்கல."

விட்டுப்போன இடம்

அடுத்து எடுத்துப்போனது ஸ்ரீவராகத்து ராஜம். வங்கியில் வேலை. மகள் கௌரி பிளஸ் டூ. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து தெரியாது. அம்மா வாசிக்க மகள் கேட்பாள். இந்த மலையாள ஊரில் பாதித் தமிழ் வீட்டில் இப்படித்தான்.

ஒருநாள் கௌரி மட்டும் புத்தகத்தோடு வந்தாள். படத்தில் மகள் அம்மாவின் உடம்போடு ஆபீசுக்குப் போய் மேனேஜர் மேல் காபியைக் கொட்டுவாள். தியேட்டரே சிரித்த இடம். புத்தகத்தில் அது எங்கே என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறாளாம். "மாமா, அம்மா ஒரு அத்தியாயம் விட்டுட்டா. நீங்க வாசிச்சுத் தரணும், கேட்டோ" என்று மலையாளம் கலந்து கெஞ்சினாள்.

பிடிக்காத ஊர்

வாசித்தேன். நாவலில் காபியே இல்லை. பதவி உயர்வை மறுத்ததை மறுபடி யோசிக்கக்கூடாதா என்று மேனேஜர் கேட்கிறார். பெண்ணை விட்டுவிட்டு வெளியூர் போகமுடியாது என்று அம்மா முன்பு சொன்னதை அவரே நினைவுபடுத்துகிறார். இதை மகள் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறாள்.

கௌரி அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ராஜத்துக்கும் எர்ணாகுளத்தில் ஆபீசர் வேலை வந்திருக்கிறதாம். ஊர் பிடிக்கவில்லை, திங்கட்கிழமை வேண்டாமென்று சொல்லிவிடுவேன் என்று வீட்டில் சொன்னாளாம். சொல்லும்போதே பெண் அழுதுவிட்டாள். "அம்மாவுக்கு எர்ணாகுளம்னா உசிரு, மாமா."

திங்கட்கிழமை

சாயங்காலம் ராஜம் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். வீட்டு விஷயத்தில் தலையிட்டதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "காலம்பற என் புடவையைக் கட்டிண்டு, என் பையை மாட்டிண்டு வாசல்ல நிக்கறா. நீ சரின்னு சொல்லலேன்னா உனக்குப் பதிலா நானே பேங்குக்குப் போறேங்கறா. சமையல் இனிமே அவ அப்பாவாம். பேங்க்ல சரின்னு சொல்லிட்டேன், மாமா."

ஒரு அத்தியாயத்தை ஒழுங்காக வாசித்துக் காட்டினால் நூலகத்துக்கு ஒரு சந்தாதாரர் குறைவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.