டிரம் அக்காவின் ஸ்லோ மார்ச்

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கவுன்டரில் இருந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் டிரம் அக்கா. பிரேக் டிரம்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய அந்தத் தோள்களைப் பார்த்துத்தான், இருபத்தொரு வருடங்களுக்கு முன் டிப்போவின் பேண்ட் வாத்தியக் குழுவின் பெரிய டிரம்மை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் அடித்தால்தான் முப்பது பேரின் கால்கள் நகரும்.

அந்தக் கால்களில் ஒன்றை, அதுவும் தன்னுடையதையே, பாவி மகள் பஸ் படிக்கட்டில் சறுக்கி உடைத்துக்கொண்டாள்!

மூன்று மாதம் கட்டு, மூன்று மாதம் நடைப்பயிற்சி. தொழிலாளர் அணிவகுப்புக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒத்திகைக்குப் போனாள். குயிக் மார்ச் என்றால் நிமிடத்துக்கு நூற்றிருபது காலடி. அரை நிமிடத்திலேயே பின்தங்கிவிட்டாள். டிப்போவின் மெக்கானிக்கான பேண்ட் மாஸ்டர் கையமர்த்தினார்.

"அக்கா, இந்த வருஷம் உக்காந்து பாருங்க. டிரம்மை நம்ம டிக்கெட் பரிசோதகர் எடுத்துக்கட்டும்."

அவர் அன்பாகச் சொன்னதுதான் அவள் நெஞ்சைப் பிளந்தது. வீட்டுக்கு வந்து, பேண்ட் சீருடையில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். கணவர் பதறிப்போனார்.

"ஏம்மா, மார்ச்சுன்னா ஒரே வேகம்தானா? மெதுவா எதுவும் கிடையாதா?"

"இருக்குங்க. முதல்ல ஸ்லோ மார்ச், அப்புறம்தான் குயிக்."

"மெதுவான்னா, சவ ஊர்வலம் மாதிரியா?"

"வாயைக் கழுவுங்க! அதுக்கு வேற மார்ச். அது அழுதுக்கிட்டே நடக்கும். இது ராஜா மாதிரி நடக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே பொறி தட்டியது.

மறுநாள் கேட்டாள்: "மாஸ்டர், ஸ்லோவை மட்டும் எனக்குக் குடுங்க."

"அதுதாங்க்கா ரொம்பக் கஷ்டம். அடுத்த அடி விழுற வரைக்கும் ஒரு கால் அந்தரத்துல நிக்கணும். இவனுங்களைப் பாருங்க!"

நாளெல்லாம் உட்கார்ந்தே பஸ் ஓட்டும் டிரைவர்கள், டிரம்பெட்டும் கையுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். அவள் டிரம்மை மாட்டினாள். அடிபட்ட காலை ஊன்றி மற்றதைத் தூக்கினாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"எப்படிக்கா?"

"மூணு மாசமா இதுதானே பயிற்சி. அடுப்புல பாலை வெச்சுட்டு, பொங்குற வரைக்கும் ஒத்தக்கால்ல நில்லும்பாரு எங்க வீட்டுக்காரர். அடுப்பை வேற சின்னதா வெச்சுருவாரு மனுஷன்!"

சிரித்த சிரிப்பில் இரண்டு டிரைவர்கள் விழுந்தே விட்டார்கள். மாஸ்டர் டிரம் குச்சியை அவள் கையில் கொடுத்தார்.

அணிவகுப்பு நாளன்று டிக்கெட் பரிசோதகர் குயிக் மார்ச்சுக்காக ஓரமாகக் காத்திருந்தார். ஸ்லோ மார்ச் தொடங்கியது. டிரம்பெட்டுகள் நீளமாக இழுத்தன. முப்பது பேரும் இடது காலைத் தூக்கினார்கள். கூட்டத்தில் கணவர் கண்ணைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

அடிக்கவேண்டிய நொடி வந்தது. ஆறு மாத ஏக்கமும் தீர, கூடுதலாக ஒரே ஒரு கண்ணிமைப்பு நேரம், அத்தனை கால்களையும் அந்தரத்தில் காக்கவைத்தாள் அந்தக் குறும்புக்காரி. மாஸ்டரின் புருவம் எகிறியது.

டம்!