முன் சீட்டைப் பார்க்கிற குளோரி அக்கா

இராஜாக்கமங்கலம் முக்கில் போலீஸ் ஜீப் வேகம் குறைத்தால், ரோட்டோரம் மீன் விற்கும் பெண்கள் மீன் பாத்திரங்களான சருவங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். குளோரி அக்கா மட்டும் எழுந்து, குனிந்து, முன் சீட்டில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். "இது வேற ஆளு" என்று உட்கார்ந்து, சாளை மீனைப் பழையபடி அடுக்குவார்.

நான் அவரை முதலில் கண்டதும் அப்படித்தான். பட்டம் வாங்கிய வாரம் அது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்குக் குழம்பு வைக்க அம்மா என்னையே மீன் வாங்க அனுப்பியிருந்தாள். அதை அக்காவிடம் சொல்லாமலா இருப்பேன்?

"டிகிரி முடிச்சாச்சா? அப்பம் ஒரு காரியம் கேக்கட்டா மக்கா? எனக்க தம்பி அமெரிக்காவுல போலீஸ்ல பெரிய ஆளு. அவனுக்கு இங்கோட்டு மாத்தல் கெடைக்க யாருக்கு மனு குடுக்கணும்?"

டீக்கடைக் கிருஷ்ணமணி அண்ணனுக்கு இது பழைய பாட்டு. "எக்கா, ஒனக்க தம்பி வந்தா எனக்க ஹெல்மெட் கேச முடிச்சுத் தரச் சொல்லு."

"மொதல்ல ஒன்ன உள்ள போடச் சொல்லுவேம்லே."

கடியப்பட்டணத்தில் தாய் இறந்தபின் தம்பி ததேயுஸை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அக்காதான். அமெரிக்காவில் நர்ஸாக இருந்த, பிள்ளையில்லாத சித்தி, பதினான்கு வயதில் அவனைத் தத்தெடுத்துக் கொண்டுபோனாள். போனவர் திரும்பி வந்ததே இல்லை. அங்கே ஒரு நகரத்தில் ரோந்துக் காவலராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அந்த நகரத்துக்கே காவல்துறைத் தலைவரானார். அக்கா அதை நம்மூர்க் கணக்கில்தான் சொல்வார்: "மொதல்ல கான்ஸ்டபிளு, பொறவு ஏட்டு, பொறவு இன்ஸ்பெக்டரு, இப்பம் எஸ்.பி." கைபேசியில் படமும் உண்டு. காலரில் நட்சத்திரங்கள், சுற்றிலும் பனி. "உப்பளத்துல நிக்க மாதிரி இல்லியா?"

அங்கே ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப் போலீஸ், மேயர் நியமிப்பார், மாத்தல் என்பதே கிடையாது என்றேன். அக்காவுக்கு அது ஏறவில்லை. அவர் கண்ட போலீஸ் அதிகாரிகள் யாரும் ஒரே ஸ்டேஷனில் நிலைத்ததில்லை. இத்தனை காலம் ஒவ்வொரு ஜீப்பிலும் அவர் தம்பியின் முகத்தைத் தேடியது, அவனும் மாத்தலாகி வந்திருப்பான் என்றுதான்.

"மாத்தலே கெடையாதா? அப்பம் கள்ளம்மாரு பழகிர மாட்டானுவளா?"

கேட்டுவிட்டு, சாளைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "செரி. ரிட்டயர்டு ஆனா வந்துதானே ஆவணும்."

போன வருடம் அந்த நகரத்தில் மேயர் மாறினார். ததேயுஸ் பதவியை விட்டார். அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார். தம்பி எவ்வளவு உயரம் என்று தெரியாததால், ஆசாரியிடம் கட்டிலை நீளமாகவே செய்யச் சொன்னார். சர்ச்சில் பங்குத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று நானும் அவர் வீட்டில் இருந்தேன். வீடியோவில் அழைப்பு வந்தது. மைக்குகளுக்கு முன் ஆங்கிலத்தில் பேசிப் பழகிய அந்த மனிதர், அக்காவிடம் பதினான்கு வயதுப் பையனின் கடற்கரைத் தமிழில் பேசினார்.

"எக்கா, சாளை கெடக்கா?"

"கெடக்கு. நீ எப்பம் வருவ?"

"பிள்ளையளும் பேரப்பிள்ளையளும் இங்கதான எக்கா. ஒருக்க அங்க வந்தா, பொறவு திரும்பிப் போவ மனசு வராது. அதுதான் பேடி."

"போலீஸ்காரனுக்குப் பேடியாலே?" என்று அவர் பயத்தைக் கேட்டு அக்கா சிரித்தார். போன் அணைந்த பிறகும் அந்தச் சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்திருந்தார்.

ததேயுஸ் இப்போது அந்த நகரத்தில்தான் இருக்கிறார், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட்டுக்கொண்டு. குளோரி அக்கா இதே முக்கில் மீன் விற்கிறார். நேற்று ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஜீப் வேகம் குறைத்தது.

"எக்கா, மாத்தல் இல்லேண்ணு படிச்ச பையன் சொல்லியாச்சுல்லா?" என்றார் கிருஷ்ணமணி அண்ணன்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி எழுந்து, முன் சீட்டுக்கு நேராகக் குனிந்தார்.