எனக்குத் தெரிந்த கோடு டாக்டருக்குத் தெரியவில்லை

மந்தைவெளியில் ஒரு எக்ஸ்ரே நிலையத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தவன். அதிகம் பேச மாட்டேன். எங்கள் டாக்டர் அடையாறு வீட்டிலிருந்தே, இங்குள்ள கம்ப்யூட்டரைத் தன் திரையில் திறந்து படங்களைப் பார்ப்பார்.

சாந்தோமில் மீன் விற்கும் ஒரு அம்மா பாதம் வீங்கி வந்தார். எங்கள் திரையில் அவர் எலும்பின் மேல் முடி போல ஒரு கோடு தெரிந்தது. டாக்டரோ போனில், "எலும்பு நல்லா இருக்கு, அனுப்பிடுங்க" என்றார். நமக்கென்ன தெரியும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

"இன்னா நைனா, கூடை தூக்கலாமா?" என்று அந்த அம்மா கேட்டார். தலையாட்டினேன்.

பத்து நாளில் மகன் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரிசல் விட்டிருந்த எலும்பு விலகி, ஆபரேஷன் வரை போய்விட்டது.

பழைய படத்தை நேரில் வந்து பார்த்த டாக்டர், "வீட்ல எனக்கு இந்தக் கோடே தெரியலையே" என்று உட்கார்ந்துவிட்டார். வேகமாகப் போவதற்காகக் கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கி அனுப்பியதில் அது மங்கிப்போயிருக்கிறது. இப்போது எதுவும் குறையாமல் போகும்படி மாற்றிவிட்டார்கள், மெதுவாகத்தான் போகிறது.

ஒவ்வொரு முறையும் முழுப் படமும் தெளிவாக வந்ததா என்று டாக்டரிடம் கேட்டு, என் கண்ணில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். "அது வெறும் நிழல்ப்பா" என்று பலமுறை சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும். அன்றே நான் பார்த்துவிட்டதை அந்த அம்மாவிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.