அக்கா உட்கார்ந்த அரை மணி நேரம்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு நாள் அழைப்பிதழில் அவரைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, இதற்குள் நான்கு முறை எழுந்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பள்ளிகொண்டாவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது. எட்டு வயதான என்னை அழைத்துக்கொண்டு ஆம்பூர் வந்து, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தார். என்னைப் படிக்கவைத்தார். தன் திருமணப் பேச்சை எடுத்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வீட்டில் அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன்.

விடியற்காலையில் மசூதியில் பாங்கு சொல்லும்போது எழுவார். குளித்து, கோலம் போட்டு, டீயை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்காருவார். அரை மணி நேரம். சாமி கும்பிடுவதில்லை, செல்போன் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாயாக டீயைக் குடிப்பார், அவ்வளவுதான். நான் புடவையில் ஊக்குக் குத்திக்கொண்டே கத்துவேன்.

"கம்பெனி பஸ் வந்துடும்க்கா! இன்னா யோசனை அப்டி?"

"ஒரு யோசனையும் இல்லடி. நீயும் வந்து ஒக்காரு."

நான் அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மணிக்கு எத்தனை ஜோடி என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது.

நோயில் அக்கா படுத்த பிறகு, காலையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து டீ கொடுப்பது என் பொறுப்பானது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், செல்போனில் பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு. அது அடித்ததும் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாடி, எங்கிட்டயும் ஷிப்டு பெல்லா?"

நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளும் வைத்தேன், தினமும் வைத்தேன். கடைசி நாளும் அது அடித்தது. அக்கா என் விரலைப் பிடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருடி."

"சாயந்திரம் வர்றேன்க்கா" என்று விரலை உருவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது. இதை மறைத்து அவருடைய நற்குணங்களை மட்டும் அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பகலெல்லாம் அக்காவைப் பார்த்துக்கொண்டு, கடைசி மூச்சின்போது அவர் கையைப் பிடித்திருந்த நாங்கள் பாபி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த தையல் பிரிவுத் தோழியருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நினைவு நாளன்று விடியற்காலையிலேயே வருகிறவர்கள் சற்றுக் காத்திருக்க நேரலாம். கதவு திறந்திருக்கும், ஃபிளாஸ்க்கில் டீ இருக்கும். நான் சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். மனம் அடங்கி உட்கார்ந்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.