தானாக ஏறிய நிக்கல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். கார்பன் இழைகளுக்கு நிக்கல் பூசுவது எங்கள் வேலை. பூசிய இழையை நறுக்கிப் பிளாஸ்டிக்கில் கலந்து பெட்டி செய்தால், வெளியிலிருந்து வரும் மின்காந்த அலைகள் உள்ளே இருக்கும் கருவியைக் குழப்பாதாம். என்னோடு வேலை செய்த அண்ணன் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வருவார். எங்களுக்கு மேலே ஒரு சீன மேலாளர்.

இந்தப் பூச்சுக்கு மின்சாரம் வேண்டாம். இழையைப் பல்லேடியம் கரைசலில் நனைத்து, நன்றாக அலசி, சூடான பச்சை நிக்கல் கரைசலில் இறக்கினால் உலோகம் தானாகவே படியும்.

கையிருப்பில் இருந்த கடைசிச் சுருளை இறக்கிய அன்று குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. கிடைத்ததை வைத்து அலசினோம். சற்று நேரத்தில் கரைசல் நுரைத்துப் பொங்கியது. உள்ளே கரும்பொடி கிளம்பியது.

"அண்ணே, சுவிட்ச அடைங்கலா!"

"ஹீட்டர அப்பவே அடைச்சிட்டேன் தங்கச்சி. இது கரண்ட்லயா ஓடுது? அதுவா ஓடுது. வேற என்னத்த அடைக்கிறது?"

வாளியில் இருந்த கொஞ்சத் தண்ணீரையும் ஊற்றினார். அடங்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தின் சுவர், வெப்பமானி, கலக்கும் குச்சி என்று தொட்டதிலெல்லாம் நிக்கல் பளபளவென்று ஏறியது. கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. பொங்கி ஓய்ந்தபின் எடுத்தால், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சியாக விறைத்திருந்தன. சரியாக அலசாமல் பல்லேடியம் நிக்கல் கரைசலில் கலந்ததுதான் காரணமா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

புதுச் சுருள் வந்ததும் பூச்சு அழகாக அமைந்தது. பூசிய இழையில் மின்சாரம் தாராளமாகப் பாய்ந்தது; அலையைத் தடுக்க அது வேண்டும். ஆனால் இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டினால், பூசாத இழை தாங்கிய அளவுகூடத் தாங்காமல் அறுந்தது. மெல்லியதாகப் பூசினால் அறுவது குறைந்தது, மின்சாரம் போதவில்லை. தடிப்பாகப் பூசினால் எடையும் கூடியது, வளைத்தால் ஒடிந்தது.

மேலாளர் உறுதி, மின்சாரம் இரண்டும் வேண்டும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒண்ணு ஏறினா ஒண்ணு இறங்குது. நான் என்னா செய்யட்டும்?" அண்ணன் என்னிடம்தான் கேட்டார்.

கடைசியில் நிறுவனம் அந்த வேலையையே கைவிட்டது. என்னை வேறு சோதனைக்கு வைத்துக்கொண்டு, அவரைச் சரக்கைப் பெட்டியில் போட்டுக் கட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

"போகமாட்டேன்னு சொல்லக் கூடாதாண்ணே?"

"பிள்ளைங்க படிக்குதுலா. எப்படிச் சொல்றது?"

வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நான் அந்தக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினேன்.