பீச் பார்க்கப் போன சனிக்கிழமை

பிக்கரிங் நகரில் எங்கள் வீட்டுக்கு வடக்கே உள்ள காட்டில் பீச் (beech) மரங்கள் அதிகம். சாம்பல் நிறம், சுருக்கமே இல்லாத வழுவழுப்பான பட்டை. பெயர் செதுக்கக் காதலர்கள் கத்தியும் கையுமாகத் தேடி வருவது இந்த மரத்தைத்தான். சில வருடங்களாக அதன் இலைகளில் ஒரு நோய் பரவுகிறது. கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று மொட்டுக்குள் புகுந்துவிடுமாம். நோய் எங்கெங்கே வந்திருக்கிறது என்று மரம் மரமாகப் பார்க்கத் தொண்டர்கள் தேவை என்றார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் இருந்தபடி மனைவியின் சமையலைத் திருத்திக்கொண்டிருந்த காலம். படிவத்தை அவளே நிரப்பித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான விட்பியிலிருந்து சகலன் போன் எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு என்ன ப்ரோகிராம்?"

"காலமை பீச் பாக்கப் போறம், அண்ணை."

"அப்ப நாங்களும் வாறம்."

ஆள் கூடினால் நல்லதுதானே என்று விலாசத்தை அனுப்பினேன்.

மறுநாள் சகலன் காரிலிருந்து இறங்கியபோது பூப்போட்ட அரைக்காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி, தோளில் துவாய், கையில் சாய்ந்து படுக்கும் மடக்குக் கதிரை. அவர் மனைவி, என் மச்சாள், சுடுவதற்கு மசாலா பூசிய கோழியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தா.

"பீச் எங்கை?" என்றார் சகலன்.

"உதோ நிக்குது. அங்காலை நிக்கிறதும் பீச்தான்."

சகலன் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மனைவி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"முப்பத்தைஞ்சு வருஷமா இந்த நாட்டிலை இருக்கிறன். மரத்துக்கு உப்பிடி ஒரு பேர் இருக்கெண்டு ஒருத்தனும் சொல்லேல்லை!"

எங்களை வழிநடத்திய இளம்பெண் முறையை விளக்கினாள். மரத்தடியில் நின்று, வெளிச்சத்துக்கு எதிராக இலைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும். நரம்புகளுக்கிடையே கறுப்பு வரிகள் தெரிந்தால் நோய். பத்து மரத்திலேயே என் கழுத்து பிடித்துக்கொண்டது. சகலனோ கோபத்தில் ஒரு மரத்தடியில் கதிரையை விரித்துப் படுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"தம்பி, உந்த இலையளிலை வரிவரியாக் கறுத்திருக்கு. உது டிசைனோ, வருத்தமோ?"

ஓடினேன். நான் ஏற்கெனவே 'சுகம்' என்று எழுதிய மரம் அது. அந்தப் பெண் வந்து, அவரை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் படுத்துப் பார்த்தாள். பிறகு, நோய்தான் என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஒரு காடு முழுவதற்கும் கொடுக்க மருந்து இல்லை என்றும், இளமரங்கள்தான் முதலில் சாகும் என்றும் சொன்னாள்.

சகலன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அதன்பின் கதிரையை மரத்துக்கு மரம் இழுத்துச் சென்று படுத்தார். அவர் கத்தக் கத்த நான் எழுதினேன். மத்தியானத்துக்குள் பதினொரு மரங்களில் நோய் கண்டுபிடித்தோம். காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் கோழி பச்சையாகவே விட்பிக்குத் திரும்பியது. மச்சாள் என்னோடு இரண்டு கிழமை பேசவில்லை.

அடுத்த வைகாசியில், ஒருவரும் கூப்பிடாமலே சகலன் வந்தார். இருவருமாக அந்த முதல் மரத்திடம் போனோம். கீழ்க்கொப்புகளில் பாதி துளிர்க்கவே இல்லை. அவர் பட்டையைத் தடவியபடி வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

"மேலை கொஞ்சம் துளிர்த்திருக்கு," என்றார். "அதையும் எழுது."