குடைத்துணிக் காத்தாடி

கோவளம் கடற்கரையில் நாலு கயிறு பூட்டிய பவர் காத்தாடி விற்கும் தம்பி, "மொதல் தடவைன்னா சின்னது எடுங்க சார். பெருசு உங்கள இழுத்துக்கினு போயிடும்" என்றான். பெரியதைப் பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் குடை வாசனை.

எண்பதுகளில், தாம்பரத்தில், அந்தக் குடைத்துணியைக் கிழித்துத்தான் என் முதல் காத்தாடியைக் கட்டினேன். "குச்சி மாதிரி இருந்துக்கிட்டு இவ்ளோ பெருசாடா?" என்று அக்கா சிரித்தாள். சொல்லி வைத்தாற்போல் காற்று என்னை மொட்டைமாடி முழுக்க இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதவிட்டது. முன்பல் போனது. நூலை மட்டும் நான் விடவில்லை.

வெயிலுக்கும் குடையில்லாமல் வாசல் தாண்டாத அப்பா மாடியேறி வந்தார். "என் குடை எங்கடா?"

"மேல பாருங்கப்பா" என்றேன், ஒரு பல் குறைய வாயெல்லாம் பல்லாக.

இப்போது குச்சிக்குத் தொப்பை போட்டிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"பெருசையே குடு தம்பி" என்று சொல்லிவிட்டு, கட்டுப்பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினேன்.